சித்திக்கு ஒரு மணி நேரம்

பெரியவளைப் பார்த்ததும் சொல்வதற்கென்று சின்னவள் ஒரே ஒரு சேதியைத் தயாராக வைத்திருந்தாள். "பதினோரு நாள் படுத்திருந்தாங்க. ஒரு தடவைகூட உன்னைக் கேட்கலை." அவ்வளவுதான். பஸ்ஸில் ஆறு மணி நேரமும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நிதானமாகச் சொல்ல வேண்டும், கத்தக் கூடாது, சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இருபது வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு ஆங்காரமா என்று கேட்காதீர்கள். பஞ்சு மில்லில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப் போன அம்மாவை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள் அவள். தினமும் அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவும் தினமும் "நாளைக்கு வந்துடறேன்" என்றாள். பதினோரு நாளைகள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்ணீர் கேட்டாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், மூத்தவளின் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் அம்மா இல்லை. அதற்கும் பெரியவள் வரவில்லை. ஐந்து வாரம் கழித்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு பையும் ஒரு தலையணையுமாகச் சின்னவள் கிளம்பினாள். போவதற்கு வேறு போக்கிடம் இருந்தால் அக்காவிடம் போயிருக்கவே மாட்டாள்.

அக்கா இருந்த தெரு இரண்டு வண்டி எதிரெதிரே போக முடியாத தெரு. ஆனால் மூன்று வண்டி போய்க்கொண்டிருந்தது. சாவி போடுகிறவர், போன் ரிப்பேர் கடை, மாடியில் ஜிம், அதற்கும் மேலே யாரோ விடாமல் டிரம்ஸ் பழகும் சத்தம், இந்தப் பால்கனியிலிருந்து எதிர் பால்கனிக்குக் கொடி கட்டி ஈரத்துணி. ஐந்து வாரமாகச் சுவர்க் கடிகாரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அது என்னவோ போல் இருந்தது. பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

பெரியவள் தெருமுனைக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மெலிந்து போயிருந்தாள். சின்னவள் வாயைத் திறப்பதற்குள், பேக்கரி வாசலிலிருந்து கை நிறைய மாவோடு ஒரு பெரிய மனிதர் இறங்கி வந்தார். அந்தத் தெருவுக்குச் செய்தித்தாள் தேவையில்லாமல் செய்திருந்தவர் அவர்தான். அக்காவின் அறையும் அவருடைய மூன்றாம் மாடியில்தான்.

"வாம்மா வா, நீதான் சித்தி பொண்ணா? அப்படியே அக்கா ஜாடை! உங்க அம்மா விஷயம் கேள்விப்பட்டோம், ரொம்பச் சங்கடமாப் போச்சு. பாவம் இவளுக்கும், பெத்தவ போயி ரெண்டு வருஷம், இப்போ சித்தியும் போயிட்டாங்க."

சின்னவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர்களுக்குச் சித்தியே கிடையாது. அம்மா ஒற்றைப் பிள்ளை. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"தலையை மட்டும் ஆட்டிட்டு வாடி" என்றாள் படியேறும்போது, மூச்சு விடாமல். "எல்லாம் அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் நாலு நாள் வரவில்லை. மறுநாள் காலையிலேயே பெரியவள் அவளை எதிரே இருந்த லாண்டரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கேதான் அக்காவுக்கு வேலை, இனி தங்கைக்கும் வேலை. வந்த துணியை உதறி, பையெல்லாம் துழாவி, காலரின் உள்பக்கம் நம்பர் துணியைக் குத்தி, வெள்ளை தனி, கலர் தனி, சாயம் போவது தனி என்று பிரிக்க வேண்டும். கறை இருந்தால் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் பெரியவளிடம் தள்ள வேண்டும். கறை எடுப்பதில் பெரியவள் அந்தக் கடையின் கைராசிக்காரி. மை, எண்ணெய், ரத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டி, ஒரு பிரஷ். தேய்க்கவே மாட்டாள், ஒற்றி ஒற்றியே எடுப்பாள்.

முதலாளியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் தடிப்பு, மனசு பஞ்சு. சின்னவளுக்கு நம்பர் குத்தக் கற்றுக்கொடுத்தபடியே, கேட்காத கதையையும் சொன்னாள்.

"உங்க அக்கா வேலை கேட்டு வந்தப்போ நான் வேணாம்னுதான் சொன்னேன். ஏன்னா அதுக்கு முன்னாடி இருந்த பொண்ணு வீட்ல சொல்லாம ஓடி வந்தவ. அவ அம்மா இந்தக் கவுண்டர்ல வந்து நின்னு தெருவே கூடற மாதிரி ஒப்பாரி வச்சிட்டா. அதனால, 'பெத்தவங்க சம்மதம் இருக்காம்மா'ன்னு கேட்டேன். 'எங்க அம்மா இப்போதான் தவறிட்டாங்க, எனக்கு யாரும் இல்லை'ன்னா. அப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது? அன்னைக்கே வேலை. பேக்கரிக்காரர் கட்டில் குடுத்தார், போன் கடைக்காரர் ஃபேன் குடுத்தார். அந்த ஞாயித்துக்கிழமையே ஷட்டரையும் இறக்கினோம்."

ஷட்டர் இறக்குவது அந்தத் தெருவின் வழக்கம். யார் வீட்டிலாவது சாவு என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லாண்டரியில் வந்து உட்காரும். இழந்தவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, போனவரைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம். 'அழாதே' என்று யாரும் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

"உனக்கும் இந்த ஞாயித்துக்கிழமை இறக்கறோம்" என்றாள் முதலாளியம்மா. "அது எங்க கடமை. ஒண்ணு சொல்லட்டா? உங்க அக்கா அன்னைக்கு அந்த ஒரு மணி நேரமும் பேசினா, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தா. அதிர்ச்சின்னு நினைச்சுக்கிட்டோம்."

சின்னவள் ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரியவள் கோபித்துக்கொண்டு கிளம்பிய பிறகும், சாயங்காலம் தவறாமல் அவளுக்குப் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடிருந்த அந்தப் பொம்பளைக்கு இங்கே கூட்டம் போட்டு இரங்கல் முடித்திருக்கிறார்கள்!

நாலாம் நாள் மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப் போடும்போது அவள் கேட்டுவிட்டாள். காற்று பலமாக இருந்ததால் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக் கிளிப் போட வேண்டியிருந்தது. சண்டை போடவும் இருவரும் விரிப்பை விட முடியவில்லை.

"அம்மாவை எப்படிடி சாகடிக்கத் தோணுச்சு உனக்கு?"

"தோணலை. வாயில வந்துடுச்சு" என்றாள் பெரியவள். "வேலை இல்லைன்னு சொல்லிட்டா அன்னைக்கு ராத்திரி எங்கே படுக்கறதுன்னு தெரியாது எனக்கு. ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. அப்புறம் எப்படித் திருப்பி எடுக்கறது? அம்மா போன் பண்ணா யாருக்கும் தெரியக் கூடாதுன்னு…"

அவள் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். அம்மாவின் நம்பர் 'தண்ணி கேன்' என்று இருந்தது. இரண்டு வருஷமாகச் சாயங்காலம் ஆறரைக்குத் தண்ணி கேன் கூப்பிட்டிருக்கிறது. முதலாளியம்மாகூட, "உன் தண்ணிக்காரன் ரொம்பப் பொறுப்பானவன்டி" என்று பாராட்டுவாளாம். இதைச் சொல்லும்போது பெரியவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது.

"சரி, அது போகட்டும். படுத்தப்போ வந்திருக்கலாமே? இப்போ சொல்றியே சித்தின்னு, அப்பவே சித்திக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன்டி. முதல் நாளே கேட்டேன், உடனே குடுத்தாங்க. மூணு தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டிக்கெட் வாங்கி உள்ளே ஏறி உட்கார்ந்து இறங்கிட்டேன்." பெரியவளின் கையில் விரிப்பு படபடவென்று அடித்தது. "நான் சொன்ன மாதிரியே ஆயிடுச்சே. நான் சாகடிச்சேன், அவங்க சாகப்போறாங்க. அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இந்த வாயை வச்சுக்கிட்டு அம்மான்னு எப்படிக் கூப்பிடுவேன்?"

சின்னவள் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பயமாம், பயம்! மலப் பாத்திரம் மாற்றும்போது அவளுக்கும்தான் பயமாக இருந்தது. அவள் எந்தப் பஸ்ஸிலிருந்து இறங்குவது? அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா 'என்னைக் கேட்டாங்களா' என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், உடனே போட்டு உடைத்துவிடலாம் என்று காத்திருந்தாள். பெரியவள் கேட்கவில்லை. கடைசி நாட்களைப் பற்றி எதையுமே கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை காட்டிக்குடுத்துடாதடி" என்று மட்டும் சொன்னாள். "இந்தத் தெரு போயிட்டா எனக்கு ஒண்ணுமில்ல."

அந்த நிமிஷம்தான் சின்னவள் தீர்மானித்தாள். தனியாக அல்ல, எல்லார் முன்னாலும் சொல்வது. நாற்காலியில் உட்கார்ந்து, இது சித்தியல்ல, எங்கள் இருவரையும் பெற்றவள், இவள் வரவே இல்லை, அவளும் இவளைக் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. எங்கே கிளம்புவது என்று யோசிக்கவில்லை. கோபம் இருக்கும்போது யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தெருவில் ஷட்டர்கள் வரிசையாகப் பாதிக்கு இறங்கின. டிரம்ஸ் நின்றது. ஜிம்மில் பாட்டை அணைத்தார்கள். அந்தத் தெரு இவ்வளவு மௌனமாக இருக்கும் என்று சின்னவள் நினைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு கிழவிக்காக இருபது பேர் குனிந்து லாண்டரிக்குள் நுழைந்து, இஸ்திரி மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேக்கரிக்காரர் கைகழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பெரியவள் கடைசியில், அழுக்குத் துணி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் சின்னவளுக்கு நேராக விஷயத்துக்கு வர வாய் வரவில்லை. இத்தனை பேர் பார்க்கும்போது அம்மாவைப் பற்றி முதலில் நல்லதாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"எங்க அம்மா… மழை வந்துச்சுன்னா…"

"நம்ம துணியை விட்டுட்டுப் பக்கத்து வீட்டுத் துணியை எடுக்க ஓடுவாங்க!" என்றாள் முதலாளியம்மா. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இல்ல. அது உங்க பெரியம்மா இல்ல?"

சின்னவள் திகைத்துப்போய், "எங்க அம்மாவும்தான்" என்றாள். பிறகு, அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள், எழுப்பினால் ஒத்துக்கொள்ளவே மாட்டாள் என்று ஆரம்பித்தாள்.

"'நான் எங்கே தூங்கினேன், கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சுக்கிட்டிருந்தேன்'" என்று பேக்கரிக்காரர் முடித்தார். அம்மா இழுக்கும் அதே இழுப்போடு முடித்தார். நாலைந்து பேர் அடக்கமாகச் சிரித்தார்கள். "கூடப்பிறந்தவங்க இல்லையா, ரெண்டு பேருக்கும் ஒரே குணம் இருந்திருக்கு" என்று அவரே விளக்கமும் சொல்லிக்கொண்டார்.

போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கேட்கிற மாதிரி அம்மா கத்துவதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மில் சங்கு ஊதினால் லீவு நாளில்கூட எழுந்து நின்றுவிடுவது தெரிந்திருந்தது. சின்னவள் எதை எடுத்தாலும் அங்கே இருந்த யாரோ ஒருவர் அதை முடித்துக் கொடுத்தார். சொந்த ஊரில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக ஆறு பேர்தான் வந்தார்கள். இங்கே ஒரு தெருவே அம்மாவைக் கரைத்துக் குடித்து வைத்திருக்கிறது! இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், பெரியவள் அம்மாவை ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வெறுத்துவிட்டுப் போனவள் இப்படியா நினைவு வைத்திருப்பாள்?

சின்னவளிடம் மிச்சமிருந்தது அந்தப் பதினோரு நாள்தான். அது மட்டும்தான் இந்தத் தெருவுக்குத் தெரியாது, பெரியவளுக்கும் தெரியாது. அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். மூச்சு இழுத்தது, ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது, நாலாம் நாளிலிருந்து கஞ்சித் தண்ணி மட்டும், எட்டாம் நாளிலிருந்து அதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாங்க. என் கையைப் பிடிச்சு மோந்து பார்த்தாங்க. யாரும் குறுக்கே பேசவில்லை. பேக்கரிக்காரர்கூடப் பேசவில்லை.

முதலாளியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, நல்லெண்ணத்தோடு கேட்டாள். "கடைசி நேரத்துல யாரையாவது கேட்டாங்களாம்மா?"

இதற்குத்தான் ஆறு மணி நேரம் பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்தாள். பதில் நாக்கில் இருந்தது, உண்மையாகவும் இருந்தது. சொல்வதற்கு முன்னால், ஆசைப்பட்டபடியே அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

பெரியவள் தலையை நிமிர்த்தியிருந்தாள். மாடியில் கேட்காத கேள்வியை இப்போது வேறு யாரோ கேட்டுவிட்டார்கள். இனி தப்பிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மூட்டையின் முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடி வாங்கப்போகும் குழந்தை கண்ணை மூடாமல் நிற்குமே, அப்படி இருந்தாள். அந்த முகத்தில் உடைப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. அது எப்போதோ உடைந்து, அந்தப் பஸ் ஸ்டாண்டிலேயே கிடக்கிறது.

"அக்காவைத்தான்" என்றாள் சின்னவள்.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"அக்காவைத்தான் கேட்டாங்க. வேற யாரையும் கேட்கலை. எங்க அம்மாதான் அவளைத் தூக்கி வளர்த்தாங்க, அவங்களுக்கு மூத்த பொண்ணு மாதிரி. கதவுச் சத்தம் கேட்டா போதும், 'பெரியவ வந்துட்டாளா'ம்பாங்க. 'நாளைக்கு வந்துடுவாம்மா'ன்னு சொல்வேன். 'பரவால்ல, வேலையை விட்டுட்டு வரவேணாம், சாப்பிட்டாளான்னு மட்டும் கேளு'ம்பாங்க. கோபமே இல்ல அவங்களுக்கு."

மூட்டையின் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது அழுகை என்றே யாருக்கும் தெரியவில்லை. பெரியவள் குனிந்து, அழுக்குத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறினாள். "சித்தி" என்றுகூடச் சொல்லவில்லை, "அம்மா" என்றும் சொல்லவில்லை, வார்த்தையே இல்லாமல் அழுதாள். முதலாளியம்மா ஓடிப்போய் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நாற்காலியைச் சுற்றி யாரும் இல்லை. சட்டப்படி யாரும் 'அழாதே' என்று சொல்லவும் இல்லை.

பேக்கரிக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்திலிருந்த சாவிக்காரரிடம் சொன்னார். "பாரேன், பெத்தவளுக்கு அழாததையெல்லாம் சேர்த்துவச்சுச் சித்திக்கு அழறா."

ஐந்து மணிக்கு ஷட்டர்கள் மேலே போயின. டிரம்ஸ் ஆரம்பித்தது, வண்டிகள் ஹாரன் அடித்தன, பேக்கரியில் அடுப்பு மூட்டினார்கள். எல்லாரும் போன பிறகு லாண்டரியின் பின்கட்டில், வாஷிங் மெஷின்களுக்கு நடுவே அக்காவும் தங்கையும் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவளுக்குக் கண் இரண்டும் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில், சின்னவள் வந்த நாளிலிருந்து பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"நிஜமாவா கேட்டாங்க?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

"எண்ணவா செஞ்சேன்? நிறைய தடவை."

அம்மா ஏன் கேட்கவில்லை என்பது சின்னவளுக்கு இன்றைக்கும் தெரியாது. கோபமா, மறந்தே போனாளா, கேட்டு 'இல்லை' என்று பதில் வந்துவிடுமோ என்ற பயமா, எல்லாம் அம்மாவோடு போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு இனி அவள் ஒருத்திதான் இருக்க வேண்டும். அக்காவிடம்கூடப் பகிர்ந்துகொள்ள முடியாது, அக்காவிடம்தான் முடியவே முடியாது.

"எப்படிக் கேட்டாங்க?" பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க கேட்ட மாதிரியே சொல்லுடி. அந்தக் குரல்ல சொல்லு. நான் கேட்கலையே."

சின்னவளுக்கு அம்மாவின் குரல் நன்றாக வரும். சின்ன வயசில் அப்படிப் பேசிக் காட்டி அக்காவை ஏமாற்றியிருக்கிறாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பஞ்சு அடைத்த அந்தக் கரகரப்பை, மூச்சு எட்டாமல் நடுவே அறுந்துபோகும் அந்த இடத்தை, அப்படியே தொண்டைக்குக் கொண்டுவந்து, "பெரியவ… வந்துட்டாளாடி?" என்றாள்.

அம்மாவே பேசினாள். ஒரு நாளும் பேசாததைப் பேசினாள். ஐந்து வாரமாக ஒரு பொட்டுக் கண்ணீர் விடாமல் சுமந்துகொண்டு வந்த சின்னவள், அம்மா உயிரோடு கேட்டிருக்கக் கூடாதா என்று அப்போதுதான் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். பெரியவள் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தடவிக் கொடுத்தபடியே, ஆசை அடங்காமல் காதருகே கேட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுடி."

அவள் சொன்னாள்.